விடுப்புக் கடிதத்தில் இருந்த இரண்டு காரணங்கள்

என் நஸீமாக்காவுக்கு,

அன்றைக்கு நான் உங்களிடம் கேட்காமல் விட்டது மூன்றே சொற்கள். "உடம்புக்கு இன்னாக்கா ஆச்சு?"

ஆசிரியர் அறையில் நாம் இருவர் மட்டும்தான் இருந்தோம். முக்கால் மணி நேரம் அருகருகே உட்கார்ந்து உங்கள் விடுப்புக் கடிதத்தைப் பற்றிப் பேசினோம். அதில் 'ஹெல்த்' என்ற சொல்லை உங்கள் கையாலேயே பென்சிலில் எழுதியிருந்தீர்கள். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, அதற்கு முன்னால் 'பிகாஸ் ஆஃப்' வரலாமா, 'ஓயிங் டு' வரலாமா என்று யோசித்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மார்பில் கட்டி இருந்தது என்பது இன்று செஞ்சியில் உங்களை அறிந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்த விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதுகிறவள் இல்லை நான். "உன் வாயிலேர்ந்து ஒரு சேதி வாங்கணும்னா பல்லு டாக்டர்தான் வரணும்" என்பீர்களே. பள்ளி ஆண்டு மலருக்காக உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அரைப் பக்கம் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. நீங்கள்தான் அதில் எங்கும் இல்லை. கிழித்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நம் பள்ளியின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பிரின்சிபால் மேடம் அதை நின்றபடியே படிப்பார். பிழை இல்லையென்றால் ஓரத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். பிழை இருந்தால் ஆளைக் கூப்பிடுவார். எதிரில் உட்கார வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, "இன்னா சொல்ல வர்றீங்க, தமிழ்ல சொல்லுங்க" என்பார். அவருக்கு வாக்கியத்தைத் திருத்தியாக வேண்டும். ஆனால் தமிழில் சொல்ல ஆரம்பித்தவர்கள் வாக்கியத்தோடு நிறுத்தியதில்லை.

டிராயிங் மாஸ்டரின் கடிதம் நினைவிருக்கிறதா? 'தேங்க்ஸ் டு மை ஃபாதர் இன் லாஸ் டெத்' என்று தொடங்கி மூன்று நாள் விடுப்புக் கேட்டிருந்தார். மாமனார் செத்த புண்ணியத்தில் மூன்று நாள் ஓய்வு என்பது போல. மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேச்சோடு பேச்சாக, பிணம் தொண்டூரில் கிடப்பதும், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லாததும், வீட்டில் அவர் மனைவி தனியாக அழுதுகொண்டிருப்பதும் தெரியவந்தது. பத்து நிமிடத்தில் பள்ளி வேன் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

காரியம் முடிந்து அவர் திரும்பி வந்ததும் நீங்கள் சும்மா விடவில்லை. "இன்னா சார், மாமனாருக்கு நன்றி சொல்லி லீவு போட்டீங்களாமே. சொத்து எதனா எழுதி வெச்சாரா?"

"எங்க மாமனாரா? கல்யாணத்துக்குச் சொன்ன சைக்கிளே இன்னும் வரல மிஸ்" என்றார் அவர்.

சிரித்து முடித்த கையோடு, 'தேங்க்ஸ் டு' எங்கே வரும், எங்கே வராது என்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து எல்லாருமே என்னிடம் கடிதத்தைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பி.டி. சார், லைப்ரரி மிஸ், ஆபீஸ் கிளார்க் கூட. ஆறு வருடம் திருத்திக் கொடுத்தேன். அந்த ஆறு வருடமும் மேடம் யாரையும் உள்ளே கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அதை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

நீங்கள் கணக்கு மிஸ். என் வேலையைப் பார்த்து உங்களுக்கு எப்போதும் வியப்பு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டீர்கள்:

"கணக்குல 'ஆகவே'ன்னா மூணு புள்ளி வெப்போம். அதையே தலைகீழா வெச்சா 'ஏனென்றால்'. முடிஞ்சிது. உனக்கு மட்டும் எதுக்குடி அஞ்சாறு?"

நான் சொன்னேன், 'டியூ டு' ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தாமதம் மழையால் ஆனது என்பது மாதிரி. 'ஓயிங் டு' நடந்த காரியம் முழுவதையும் தழுவும். மழையால் வண்டி தாமதமாக வந்தது என்பது மாதிரி. 'பிகாஸ் ஆஃப்' எங்கேயும் போகும், ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு வீட்டுப் புடவையோடு வந்துவிட்டது போலத் தெரியும். இப்போதெல்லாம் எல்லாரும் கலந்துதான் எழுதுகிறார்கள், தப்பென்று யாரும் சொல்வதில்லை. பழைய விதியைப் பார்த்து எழுதினால் மட்டும் படிக்கிறவர் எங்கும் இடறாமல் போய்விடுவார்.

"இடறாம போறது அவ்வளவு நல்லதா?" என்று கேட்டீர்கள். சாதாரணமாகக் கேட்டதுதான். பதிலுக்குக் காத்திராமல் நீங்களே பேச்சை மாற்றினீர்கள். "தமிழ்ல மட்டும் இல்லையா இன்னா? மேல்மலையனூர் அமாவாசையை முன்னிட்டு சிறப்புப் பேருந்துன்னு எழுதறான். மழையை முன்னிட்டுப் பள்ளி லீவுன்னு எழுதுவானா?"

"எழுதினா மழைக்குப் பந்தல் போட்ட மாதிரி இருக்கும்க்கா" என்றேன்.

உங்களுக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டியது நான்தான்.

நீங்கள் கடிதம் கொண்டுவந்த நாளும் ஓர் அமாவாசைதான். தை அமாவாசை, வெள்ளிக்கிழமை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. இருந்தவர்களை விளையாட விட்டிருந்தார்கள். ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாளோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"இதைக் கொஞ்சம் பார்த்துக் குடு, தேனு. மேடம் கூப்டாத மாதிரி."

அதை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மறைக்க விரும்புகிற ஒருவரும் அதே சொற்களைத்தான் சொல்வார் என்பது அப்போது தோன்றவில்லை.

என் உடல்நலத்தாலும் தங்கையின் திருமணத்தாலும் பதினைந்து நாள் விடுப்பு வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள். முன்னால் 'பிகாஸ் ஆஃப்'. ஷபானாவுக்கு ஆற்காட்டில் இடம் முடிந்திருந்தது எனக்குத் தெரியும். உங்கள் அத்தா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தது, இந்த இடத்தைப் பார்த்தது, எல்லாம் நீங்கள்தான். உங்களுக்கென்று ஒரு கல்யாணத்தை யாரையும் பேச விட்டதில்லை நீங்கள்.

"பிகாஸ் ஆஃப் வேணாம்க்கா. ஓயிங் டு போட்டுக்கலாம்."

"போட்டுக்கோ."

"ஆனா ரெண்டு காரணத்தையும் ஒரே கொக்கியில மாட்டக் கூடாது. ஒன்னு உடம்பு, ஒன்னு கல்யாணம். ரெண்டும் வேற வேற ரகம். படிக்கறவங்களுக்கு எது பெருசுன்னு தெரியாது."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே பார்த்தபடியே, "ஒன்னுதான் வெக்கணும்னா எதை வெக்கறது?" என்றீர்கள்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

"நீயே சொல்லு. நீதான இங்கிலீஷ் மிஸ்."

"ரெண்டையும் எடுத்துட்டு 'பர்சனல் ரீசன்ஸ்'னு போட்டுட்டா நீட்டா இருக்கும்."

"நீட்டா இருக்கும்" என்று திருப்பிச் சொன்னீர்கள். பிறகு, "அதையே டைப் அடிச்சிடு" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனீர்கள்.

ஏன் கேட்கவில்லை என்று போன மாதத்திலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடல்நலம் என்றால் அலுப்பு, ரத்த சோகை, தலைசுற்றல், ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பேன். அது ஒரு பாதி. மறு பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னை யாராவது துருவிக் கேட்டால் எனக்குப் பிடிக்காது. அதனால் பிறரைக் கேட்காமல் இருப்பதையே மரியாதை என்று பழகி வைத்திருந்தேன். நீங்கள் அப்படி இல்லை. நான் ஒருநாள் முகம் வாடி வந்தால் "சாப்டியா? யார் இன்னா சொன்னாங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். எதை வைப்பது என்று நீங்கள் கேட்டது கடிதத்தைப் பற்றித்தானா, அக்கா? நான் 'உடம்பு' என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நீங்கள் இறந்த அன்று காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். பள்ளி விடுமுறை என்று வாசல் பலகையில் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில், கீழே தமிழில். சாக்பீஸோடு போய் நின்றேன். 'ஓயிங் டு' என்று தொடங்க வேண்டும். உங்கள் சாவை ஒரு விடுமுறைக்குக் காரணமாக நிறுத்த எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. கடைசியில் தமிழில் மட்டும் எழுதினேன். 'நஸீமா மிஸ் இறந்துவிட்டார். இன்று பள்ளி இல்லை.' இரண்டு வாக்கியம், நடுவில் ஒன்றும் இல்லை. மேடம் வந்து பார்த்தார். ஆங்கிலம் எங்கே என்று கேட்கவில்லை.

போன மாதம் ஷபானா என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் உங்கள் ஆஸ்பத்திரி ஃபைல். உங்கள் அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாராம். டாக்டர்களின் கையெழுத்து புரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் என்றாள். என் நைனா குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாங்கள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். முதல் தாளைப் படிக்க எனக்கு நேரம் ஆனது. அதிலிருந்த தேதி, உங்கள் விடுப்பின் முதல் நாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுதான் அந்தக் கட்டி உங்களுக்குத் தெரியவந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு ஐந்து மாதம் முன்பே ஒரு டாக்டர் அதைப் பார்த்திருந்தார். உடனே வந்து சேரும்படி எழுதியிருந்தார்.

ஷபானா தேதியை மூன்று முறை கேட்டாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி" என்றாள். "ஆற்காட்டுக்காரங்க காதுக்குப் போயிடும்னு எங்க அக்கா பயந்துட்டுது. குடும்பத்துலயே இந்த நோவு இருக்குது, பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்கன்னு."

"பேசியிருப்பாங்களா?"

"எங்க மாமியார் விஷயம் தெரிஞ்சதும் இன்னா சொன்னாங்க தெரியுமா? முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாணத்தை ரெண்டு மாசம் தள்ளி வெச்சிருப்பமே, உங்க அக்காவைப் பார்த்துக்கறதை வுட வேற இன்னா வேலைன்னு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகை ஓய்ந்ததும் சொன்னாள்: "என்னாலதான் செத்துப் போச்சு."

உன்னால் இல்லை, உனக்காக என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு சொல்லின் கடைசியை மாற்றிக் கொடுத்தால் அவள் பாரம் குறைந்துவிடுமா? இத்தனை வருடமும் நான் செய்தது அதைத்தானே. "பர்சனல் ரீசன்ஸ்னு அடிச்சது நான்தான், ஷபானா" என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டிருந்தா அக்கா சொல்லியிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும். என்னிடம் பொய் சொல்லிச் சமாளித்திருப்பீர்களா? அழுதிருப்பீர்களா? மேடம் அறைக்குள் போய் அந்தப் பென்சில் கடிதத்தையே நீட்டியிருந்தால், அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து தமிழில் சொல்லுங்கள் என்றிருந்தால்? அந்த ஐந்து மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "வாய்ப்பு கூடியிருக்கும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் இப்போது இருக்கிறேன்.

இங்கே வேறு சேதி என்ன இருக்கிறது? பள்ளி திறந்தாயிற்று. கணக்குக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாக நடத்துகிறாள், ஆனால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் அந்த வகுப்பிலிருந்து கேட்பதில்லை. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பேர் கிடைத்த பிறகு சனி, ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகள் நிற்க இடமில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் கைடு வேலைக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் வருகிறார்கள். டிராயிங் மாஸ்டர் உங்களை வரைந்து ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிறார். மூக்கு உங்களுடையது இல்லை. கண் உங்களுடையதுதான். உங்கள் அம்மா மறுபடி முன்பு மாதிரி நடமாடுகிறார். என்னைப் பார்த்தால் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை, என்னைச் சாப்பிடச் சொல்கிறார்.

கடிதம் திருத்தும் வேலையை விட்டுவிட்டேன். யாராவது வந்தால், நீங்கள் எழுதியபடியே கொடுங்கள் என்கிறேன். அவர்களுக்கு வருத்தம். "இன்னா மிஸ், இப்படி கைய விரிச்சிட்டீங்க" என்கிறார் பி.டி. சார். மேடத்தின் அறைக்கு முன்னால், கூப்பிட்டவர்கள் காத்திருக்க, மறுபடியும் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

ஷபானாவும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். அவளுக்குப் பயம். பஸ் ஏறுவதற்கே பயம். ஆற்காட்டிலிருந்து அவளை வரச் சொல்லியிருக்கிறேன். இந்த ஆடியில் நான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அடுத்த ஆடியிலும் போவேன், அதற்கடுத்த ஆடியிலும். உள்ளே பெயர் கூப்பிடும்போது கூடவே எழுந்து போவேன். டாக்டர் ஒரு தேதி சொன்னால், அந்தத் தேதியில் அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன். யார் வீட்டில் என்ன விசேஷமாக இருந்தாலும் சரி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அந்தப் பதினைந்து நாளில் நடந்ததை, ஷபானாவுக்கு நினைவிருப்பதையும் ஃபைலில் இருப்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். விடுப்பு வெள்ளிக்கிழமை மதியமே கிடைத்தது. மேடம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ஜவுளி பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகப் புதுச்சேரி போனீர்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை நீங்கள் ஆரணியில், மாப்பிள்ளை வீட்டாரோடு, ஷபானாவுக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. பதினாறாம் நாள் பள்ளிக்கு வந்து எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தீர்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தது ஆடி மாதத்தில்.

உங்களுக்கு இளையவள், ஷபானாவுக்கு மூத்தவள்,
தேன்மொழி
செஞ்சி